மழை மாசத்துலயும் எழுதாத அசைன்மென்ட்: காரைக்குடிப் பக்கம் கரஸ்ல படிக்கிற ஒரு அக்காவோட கேஸ்

கரஸ்ல, அதாவது காலேஜுக்குப் போகாம தபால் வழியில படிக்கிறவங்ககிட்ட ஏன் இன்னும் அசைன்மென்ட் வைக்கலன்னு கேட்டா "எங்க சார் நேரம்"ங்கிற ஒரே பதில்தான் வரும். வேலை, வீடு, பிள்ளைங்க, மாமியாருக்கு முடியல, கொழுந்தன் வீட்டு விசேஷம்னு அடுக்கிக்கிட்டே போவாங்க, கேக்கிற நாமளும் பாவம்தானேன்னு விட்டுருவோம். நான் காரைக்குடியில இவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காண்டாக்ட் கிளாஸ், அதாவது நேர்ல வகுப்பு எடுக்கிற ஆளு, இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிப் போச்சு. அதனாலதான் இந்தக் கேஸை விரிவா எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இவங்க விஷயத்துல அந்தப் பதில் சரியில்லன்னு காமிச்சது நான் இல்ல, அவங்களே கைப்பட எழுதி வச்ச ஒரு நோட்டு.

அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்திருக்கேன், பேரும் வேண்டாம், அக்கான்னே சொல்லிக்கிறேன். எந்த யுனிவர்சிட்டிங்கிறதும் இங்க தேவையில்லாத விஷயம்.

அக்காவுக்கு வயசு நாப்பதைத் தாண்டிருச்சு. பன்னெண்டாவதுல காமர்ஸ் குரூப், கணக்குப்பதிவியல்ல நல்ல மார்க்கு, இங்கிலீஷ் மட்டும் ரெண்டாவது தடவை எழுதித்தான் பாஸ். பாஸ் பண்ண கையோட கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க. இப்ப ஆத்தங்குடி டைல்ஸ் போடுற ஒரு பட்டறையில கணக்கு வழக்கு பாக்குறாங்க. பேருக்குத்தான் கணக்கு, ஆனா பில்லு போடுறது, ஆர்டர் நோட்டு, லாரி செட்டுக்குப் போன் பண்றது, சனிக்கிழமை ஆளுங்களுக்கு வாரச் சம்பளம் பிரிக்கிறது, மாசா மாசம் ஜிஎஸ்டிக்கு ஆடிட்டர் ஆபீஸுக்குத் தாள் அனுப்புறது, சென்னையிலேந்து வீடு கட்டுறவங்க வாட்ஸ்அப்ல டிசைன் படம் அனுப்பி "இதே பூ, ஆனா பச்சை கொஞ்சம் கம்மியா"ன்னு கேட்டா அதுக்குப் பதில் சொல்றது எல்லாமே அவங்க தலையிலதான். ஒரு தடவை தெரிஞ்ச ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு இடம் காலியாச்சு, வேலை அவங்களுக்கு அத்துப்படி, ஆனா டிகிரி இல்லாததால கிடைக்கல. அந்த வருஷமே கரஸ்ல பி.காம் சேந்துட்டாங்க.

இந்த ஊர்ல டிகிரி இல்லாம இருக்கிறதுல ஒரு தனி உறுத்தல் இருக்கு, வெளியூர்க்காரங்களுக்கு அது அவ்வளவா புரியாது. அழகப்பச் செட்டியார் 1947ல காலேஜ் ஆரம்பிச்சு, அப்புறம் சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டாந்து, அவரு போன பிறகு 1985ல யுனிவர்சிட்டியும் வந்து, காலேஜ் ரோடு முழுக்கப் படிப்புதான். எந்த டவுன் பஸ்ல ஏறுனாலும் ஐடி கார்டு மாட்டுன பிள்ளைங்க நிக்கும். "எல்லாரும் படிக்க இங்க வாறாக, நான் இங்கயே பொறந்து இங்கயே இருந்து படிக்காமப் போனேன்"னு அக்கா ஒரு தடவை சொன்னாங்க. அந்த உறுத்தல்தான் அவங்களைச் சேர வச்சுச்சு. பின்னாடி புக்கைத் திறக்க விடாமப் பண்ணதும் அதேதான்னு நான் நினைக்கிறேன், அதுக்கு அப்புறம் வாறேன்.

வயசுல சேந்து, வேலை பாத்துக்கிட்டே படிக்கிறவங்களை ஆராய்ச்சிக்காரங்க தனி வகையா வச்சுத்தான் பாக்குறாங்க. அமெரிக்காவுல தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் இதுக்கு ஏழு அடையாளம் வச்சிருக்கு: ஸ்கூல் முடிச்சு உடனே சேராம லேட்டா சேர்றது, பகுதிநேரமா படிக்கிறது, முழுநேர வேலை, பணத்துக்கு அப்பா அம்மாவை நம்பாம இருக்கிறது, தன்னை நம்பி ஆளுங்க இருக்கிறது, தனியா பிள்ளை வளக்கிறது, முறையா ஸ்கூல் படிப்பை முடிக்காம வர்றது. கடைசி ரெண்டை விட்டா மிச்ச அஞ்சும் அக்காவுக்குப் பொருந்தும். என் ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல பாதிப் பேருக்கு மேல இதே கதைதான், ஆனா நம்ம ஆளுங்க யாரும் தன்னைத் தனி வகைன்னு நினைக்கிறதில்ல, "ரெகுலர்ல படிக்கல"ன்னு ஒரு குறையாத்தான் நினைக்கிறாங்க.

நடந்தது என்னன்னா

முதல் வருஷம் புக்கு பார்சல் வந்த அன்னைக்கு எல்லாத்துக்கும் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மகளை விட்டுப் பேரு எழுத வச்சு சாமி படத்துக்குக் கீழ அடுக்கிட்டாங்க. அந்த வாரமே கணக்குப்பதிவியல் அசைன்மென்ட்டை ஒரே சாயங்காலத்துல எழுதி முடிச்சாச்சு, அந்த பேட்ச்லயே அதுதான் முதல். ஆக ஆளு சோம்பேறி கிடையாது, இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

அதுக்கப்புறம் ஒண்ணும் நகரல. பிசினஸ் இங்கிலீஷ், ஸ்டாடிஸ்டிக்ஸ், எக்கனாமிக்ஸ் எல்லாம் அட்டை கசங்காம அப்படியே இருந்துச்சு. கடைசித் தேதி வந்துச்சு, தேதியை ஒரு மாசம் தள்ளி வச்சாங்க, அக்கா நிம்மதிப் பெருமூச்சு விட்டுட்டு அந்த மாசத்தையும் விட்டாங்க, மறுபடியும் தள்ளி வச்சாங்க, கடைசியில ஒரே ராத்திரியில உக்காந்து எக்கனாமிக்ஸையும் இன்னொரு பேப்பரையும் யாரோ கொடுத்த பழைய தாளைப் பாத்து எழுதி மறுநாள் காலையில பஸ் பிடிச்சு வந்து வச்சாங்க. இங்கிலீஷும் ஸ்டாடிஸ்டிக்ஸும் வைக்கவே இல்ல. எக்ஸாம் ஃபீஸ் ஃபைனோட கட்டுனாங்க. ரிசல்ட்ல அந்த ரெண்டும் அரியர். ரெண்டாவது வருஷமும் அச்சு மாறாம இதே கதை, கூட ஒரு அரியர் சேந்துக்கிச்சு.

அசைன்மென்ட்டை லேசா நினைக்கவும் முடியாது. இக்னோவுல, அதான் இந்திரா காந்தி திறந்தநிலை யுனிவர்சிட்டியில, பெரும்பாலான கோர்ஸுக்கு மொத்த மார்க்குல 30 சதவீதம் அதுக்குத்தான், எக்ஸாமுக்கு 70. மத்த இடத்துலயும் ஏறக்குறைய இந்த மாதிரி ஒரு பங்கு உண்டு. இன்னொண்ணு, மூணு வருஷ டிகிரியை முடிக்க இக்னோவுல ஆறு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. குடும்பம் குட்டியோட படிக்கிறவங்களுக்கு அது பெரிய உதவிதான், இல்லன்னு சொல்லல, ஆனா "இன்னும் நாலு வருஷம் கிடக்கு"ன்னு சொல்லிக்கிறதுக்கும் அதே ஆறு வருஷம்தான் வசதி பண்ணிக் கொடுக்குது.

ரெண்டாவது வருஷ ரிசல்ட் வந்தப்ப அக்கா என்கிட்ட வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "விட்டுரலாமா சார்?"

நோட்டு

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வேலை கொடுத்தேன். படிக்கச் சொல்லல, டைம்டேபிள் போடவும் சொல்லல, பட்டறையில டே புக் எழுதுற மாதிரி வீட்டுக்கு ஒரு டே புக் எழுதுங்க, எத்தனை மணிக்கு என்ன செஞ்சீங்க, யாருக்காகச் செஞ்சீங்க, அவ்வளவுதான்னேன். கணக்கு எழுதுற கைங்கிறதால ஒரு நாள் விடாம எழுதிட்டாங்க. அது ஐப்பசி கார்த்திகை மாசம்.

இங்க டைல்ஸ் தொழிலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா இந்தக் கேஸோட முக்கியமான ஆதாரமே அதுலதான் இருக்கு. ஆத்தங்குடிக் கல்லு சூளையில சுடுறது கிடையாது. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமென்ட்டை ஊத்தி, மேல மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு, வெயில்ல காய வச்சு எடுக்கணும். மழை பிடிச்சுக்கிட்டா காய வைக்க வழியில்ல, வேலை படுத்துரும். ஆக ஐப்பசி கார்த்திகையில அக்கா பாதி நாள் ரெண்டு ரெண்டரைக்கே வீட்டுக்கு வந்துருவாங்க. பையன் வேலைக்குப் போயிருவான், மகள் காலேஜ், வீட்டுக்காரர் கடையில, மாமியார் தூங்குவாங்க. மூணு மணியிலேந்து அஞ்சு மணி வரைக்கும் வீடு காலி. அந்த நாள்லயெல்லாம் தவறாம கிடைக்கிற ரெண்டு மணி நேரம், அதுவும் அசைன்மென்ட் தேதி பக்கத்துல வர்ற நேரத்துல.

அந்த ரெண்டு மணி நேரத்துல என்ன செஞ்சாங்கன்னு நோட்டுல இருக்கு. ஒரு நாள் பூஜைச் சாமான் தேச்சிருக்காங்க. ஒரு நாள் மகளோட ரெக்கார்ட் நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்திருக்காங்க. ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பாஸ்புக் என்ட்ரி போடப் பேங்குக்குப் போயிட்டு வந்திருக்காங்க, ஆச்சியோட பையன் சிங்கப்பூர்லேந்து பணம் போட்டானா இல்லையான்னு தெரியணுமாம். எதிர்வீட்டுல கல்யாணம், சீப்பு சீடை உருட்ட ஆள் பத்தலன்னு ரெண்டு நாள் முழுக்க அங்க. ரேஷன் கடையில லைனு. நாத்தனாருக்குப் போன்ல ஜாக்கெட் அளவு. இதுல ரீல்ஸ் பாத்தேன், சீரியல் பாத்தேன்னு எழுதுன வரி ரொம்பக் கொஞ்சம், அதையும் மறைக்காம எழுதியிருந்தாங்க.

"யாருக்காக"ங்கிற பத்தியைப் பாருங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு வரியிலயும் ஒரு ஆளு இருக்காங்க. ஆச்சி காத்துக்கிட்டு இருந்தாக, மகள் காத்துக்கிட்டு இருந்தா, எதிர்வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாங்க. இங்கிலீஷ் புக்குக்கு நேரா மட்டும் யாரும் இல்ல. அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு, "அதை நான் திறக்காட்டி யாரு சார் வந்து கேக்கப் போறாக"ன்னாங்க.

இந்தக் கேஸ்ல நான் கண்டுக்கிட்டதுன்னு சொல்லணும்னா அதுதான். நேரமும் இருந்துச்சு, உழைப்பும் இருந்துச்சு, ஆசையும் இருந்துச்சு. இல்லாதது, அந்த வேலைக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற ஒரு ஆளு. ரெகுலர் காலேஜ்ல பதினெட்டு வயசுப் பையனுக்குப் பக்கத்து சீட்டுல ஒருத்தன், எதிர்ல வாத்தியாரு, வீட்டுல திட்டுற அப்பான்னு நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நாப்பது வயசுல கரஸ்ல சேந்தவங்களை யாரும் திட்டக்கூட மாட்டாங்க. அக்கா வீட்டுக்காரரை ஒண்ணும் குறை சொல்ல முடியாது, ஃபீஸ் கட்டக் காசு கேட்டா கொடுத்துருவாரு, படிக்காதன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. படிச்சியான்னு கேட்டதும் இல்ல.

ஆனா ஆளு இல்லங்கிறது மட்டும்தான் காரணம்னா கணக்குப்பதிவியலையும் தள்ளிப் போட்டிருக்கணுமே, அதை மட்டும் ஏன் ஒரே சாயங்காலத்துல முடிச்சாங்க? நோட்டுல ஒரு நாள் இப்படி இருக்கு: "3.10 இங்கிலீஷ் புக்கு எடுத்தேன். 3.15 அடுப்புல பால் வச்சமான்னு பாக்கப் போனேன்." அதைப் படிச்சிட்டு அக்காவே சிரிச்சிட்டாங்க, "அன்னைக்குப் பாலே வாங்கல சார்."

அந்த அஞ்சு நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னு பேசிப் பேசித்தான் வெளிய வந்துச்சு. புக்கைத் திறந்தா முதல் பக்கத்துலயே அர்த்தம் தெரியாத வார்த்தை. உடனே பன்னெண்டாவதுல ஃபெயிலான நாள் ஞாபகம், தங்கச்சி பாஸாகி இவங்க ஆகாத வருஷம், அப்பா சாப்பிடாம எந்திரிச்சுப் போனது. பட்டறையில இவங்க சொன்னா மறுபேச்சு கிடையாது, இந்தப் புக்குக்கு முன்னாடி மட்டும் மறுபடியும் ஃபெயிலான பொண்ணு. யாருக்கு அங்க உக்காந்திருக்கப் பிடிக்கும்?

தள்ளிப் போடுறதைப் பத்தி எழுதுனவங்க இதை ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. சாலமன், ரோத்ப்ளம்னு ரெண்டு பேரு 1984லயே காலேஜ் மாணவர்களை வச்சுப் பாத்தப்ப, காரணத்துல பெருசா நின்னது ரெண்டு: தோத்துருவோமோங்கிற பயம், அந்த வேலை மேல இருக்கிற வெறுப்பு. 2013ல சிரோவா, பிச்சில் எழுதுன கட்டுரை இன்னும் நேராச் சொல்லுது, இது நேரத்தைக் கையாளத் தெரியாத பிரச்சினை இல்ல, அந்த நேரத்து மனசை ஆத்திக்கிறதுக்காகச் செய்யிற காரியம். புக்கை மூடுன உடனே நிம்மதி வருது இல்லையா, அந்த நிம்மதிக்காகத்தான் மூடுறோம், பின்னாடி வர்ற வலியை இன்னொரு நாளைக்கு இருக்கப்போற நம்ம தலையில கட்டிடுறோம். டைஸும் பாமைஸ்டரும் 1997ல காமிச்சது இதோட மறுபக்கம்: தள்ளிப் போடுறவங்க செமஸ்டர் ஆரம்பத்துல மத்தவங்களைவிட நிம்மதியா இருக்காங்க, கடைசியில மத்தவங்களைவிடக் கூடுதலா டென்ஷனும் உடம்பு சரியில்லாமப் போறதும், மொத்தமாக் கூட்டிக் கழிச்சா நஷ்டம்தான், மார்க்கும் கம்மி. அக்காவுக்கு ஒவ்வொரு அசைன்மென்ட் சீசன்லயும் வர்ற ஒத்தைத் தலைவலியைப் பத்தி நான் கேக்கவே தேவையில்லாமப் போச்சு.

பியர்ஸ் ஸ்டீல் 2007ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு பெரிய கட்டுரை போட்டாரு. காலேஜ்ல படிக்கிறவங்கள்ல 80லேந்து 95 சதவீதம் பேரு ஏதோ ஒரு அளவுல தள்ளிப் போடுறவங்கதான்னு ஒரு மதிப்பீட்டையும் அதுல எடுத்துச் சொல்றாரு. அவரோட கணக்கு சுருக்கமா இதுதான்: ஜெயிப்போம்ங்கிற நம்பிக்கையும் கிடைக்கப்போறதோட மதிப்பும் கூடக்கூட வேலை செய்யத் தோணும், பலன் தூரமாப் போகப்போகவும் ஆளு அவசரக்குணமா இருந்தாலும் அது குறையும். இதுல அக்காவை வச்சுப் பாருங்க. இங்கிலீஷ்ல நம்பிக்கை கம்மி, பலன் மூணு வருஷமோ ஆறு வருஷமோ தள்ளி, மதிப்பும் சந்தேகத்துல கிடக்கு, ஏன்னா யாரோ உறவுக்காரங்க "கரஸ் டிகிரியெல்லாம் எவன் மதிப்பான்"னு சொல்லி வச்சிருக்காங்க. இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் பதில் கைவசம் இருந்துச்சு. அங்கீகாரம் உள்ள இடத்துல தொலைநிலையில வாங்குன டிகிரி ரெகுலர்ல வாங்குனதுக்குச் சமம்னு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022 செப்டம்பர்ல தெளிவாச் சொல்லிருச்சு. அந்த அறிவிப்பைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். நான் சொன்ன ஆறுதலையெல்லாம்விட அந்த ஒத்தைத் தாள்தான் அவங்களுக்குத் தெம்பு கொடுத்துச்சு, லேமினேஷன் போட்டு வச்சிருக்காங்க.

ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். இந்த ஆராய்ச்சிகள்ல ரொம்பத்துல உக்காந்திருந்தது காலேஜ் வயசுப் பிள்ளைங்க, அதுலயும் சைக்காலஜி படிக்கிற பிள்ளைங்க. மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கிட்டு, ஜிஎஸ்டி தேதியை மனசுல ஓட்டிக்கிட்டு, நடுவுல புக்கை எடுக்கிற ஆளைப் பத்தி அவங்க சொல்றதுல எல்லாமே அப்படியே பொருந்தும்னு நான் நம்பல. பொருந்துற ஒண்ணு உண்டு. ஆரியலியும் வெர்ட்டன்ப்ராக்கும் 2002ல வெளியிட்ட ஆய்வு. அதுல இருந்தது வேலை பாத்துக்கிட்டே அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடியில ஒரு கோர்ஸ் படிக்க வந்த 99 பேரு. மூணு கட்டுரை எழுதணும். ஒரு பிரிவுக்கு வாத்தியாரே சம இடைவெளியில மூணு தேதி வச்சுட்டாரு, இன்னொரு பிரிவுக்கு உங்க தேதியை நீங்களே வச்சுக்கங்கன்னுட்டாரு. வாத்தியாரு தேதி வச்ச பிரிவுக்குத்தான் நல்ல மார்க்கு. தனக்குத்தானே தேதி வைக்கத் தெரியாமல்லாம் இல்ல, வைக்கிறாங்க, ஆனா உருப்படியான இடத்துல வைக்கிறதில்ல.

என்ன செஞ்சு பாத்தோம்

அக்கா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே யூடியூப்ல பாத்து ஒரு டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்தாங்க, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு மணி நேரம்னு. அது நாலாவது நாளே செத்துருச்சு, சாகத்தான் செய்யும், ராத்திரி பதினொண்ணுக்குப் பாத்திரம் விளக்கிட்டுப் படுக்கிறவங்க நாலு மணிக்கு எந்திரிச்சு இங்கிலீஷ் இலக்கணம் படிப்பாங்களா, அந்த வீடியோ போடுறவங்களுக்கு வீட்டுல யாரு சமைக்கிறாங்கன்னு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். பேட்ச்ல ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருந்துச்சு, ஒருத்தரை ஒருத்தர் படிக்க வைக்கலாம்னு. ஒரு மாசத்துல அது குட்மார்னிங் படமும், "தேதி தள்ளிப் போட்டாங்களா"ங்கிற கேள்வியுமா ஆயிருச்சு. அம்பது பேரு இருக்கிற குரூப்புல யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இல்ல.

வேலைக்கு ஆனது வேற. பட்டறைக்குச் சாயங்காலம் பேப்பர் படிக்க ஒரு ஐயா வருவாரு. அந்தக் காலத்துல ஒரு செட்டியார் வீட்டுல கணக்குப்பிள்ளையா இருந்தவரு, எம்பது வயசு, இங்கிலீஷ் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். அக்காவுக்கு அவரு மேல ரொம்ப மரியாதை. அவருகிட்டப் போய் ஒண்ணே ஒண்ணு கேட்டோம்: பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டாம், திங்களும் புதனும் மூணரைக்கு இந்த நாற்காலியில உக்காந்திருங்க, அக்கா ஒரு பக்கம் வாசிப்பாங்க, நீங்க கேட்டா மட்டும் போதும். மழைக்காலம், பட்டறையில வேற சத்தமும் இல்ல.

முதல் நாள் அக்கா போகல. மூணே முக்காலுக்கு வீட்டுக்கு ஐயாகிட்டேந்து போன். "என்னாத்தா, வாசிக்க வரலையா? நான் கண்ணாடியெல்லாம் தொடச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்." அக்கா குடையை எடுத்துக்கிட்டு ஓடுனாங்க. அதுக்கப்புறம் போன் வர வேண்டிய அவசியமே வரல. "ஐயா உக்காந்துருப்பாக சார், போகாம எப்படி இருக்கிறது"ங்கிறதுதான் அவங்க கணக்கு. அர்த்தம் தெரியாத வார்த்தை வந்தா ஐயாவுக்கும் சில சமயம் தெரியாது, "அதைக் கோடு போட்டு வையி, அப்புறம் பாப்போம்"னு தாண்டிருவாரு. அது எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லி மாளாது. தெரியாதுன்னு ஒத்துக்கிட்டும் ஒரு பெரிய மனுசர் கௌரவமா உக்காந்திருக்காரு, அப்ப எனக்குத் தெரியாட்டித்தான் என்னங்கிற தைரியம் அந்த நாற்காலியிலேந்துதான் வந்துச்சு.

கூடவே சின்னச் சின்ன விஷயங்கள். யுனிவர்சிட்டி தேதியை மறந்துட்டு நான் மூணு தேதி கொடுத்தேன், ஆரியலி சொன்ன மாதிரி சம இடைவெளியில, அந்தந்த ஞாயித்துக்கிழமை எழுதுன வரைக்கும் என் டேபிளுக்கு வரணும், அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல. கோல்விட்சர்னு ஒருத்தர் "இது நடந்தா அது செய்வேன்"னு முன்கூட்டியே இடத்தையும் நேரத்தையும் முடிச்சுப் போட்டு வச்சா வேலை ஆரம்பிக்கும்னு எழுதியிருக்காரு, அதை அக்கா தன் வழியில மாத்திக்கிட்டாங்க: கடைசி பில்லு போட்டதும் பேனாவை மூடாம அதே பேனாவால அசைன்மென்ட் தாள்ல அடுத்த கேள்வி நம்பரை எழுதிட்டுத்தான் மூடுறது. நம்பர் எழுதுன தாள் கையில இருந்தா மறுநாள் முதல் நிமிஷம் பாதி முடிஞ்ச மாதிரி.

நேரக் கணக்கையும் திருத்த வேண்டியிருந்துச்சு. ஒரு அசைன்மென்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் போதும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, கணக்குப்பதிவியலுக்கு அப்படித்தான் ஆச்சு. இங்கிலீஷுக்கு ஆறு சாயங்காலம் ஆச்சு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, ப்யூலரும் கூட்டாளிகளும் 1994ல ஆய்வேடு எழுதுற மாணவர்களைக் கேட்டப்ப சராசரியா 34 நாள்ல முடிப்போம்னாங்க, ஆனது 55 நாளைத் தாண்டி. ரெண்டு மணி நேரம்தானேன்னு நினைக்கிற வரைக்கும் கடைசி ராத்திரி போதும்னுதான் மனசு சொல்லும்.

இன்னொண்ணு பழைய அரியர். அதை நினைச்சாலே "நானெல்லாம் எதுக்குப் படிக்க வந்தேன்"னு ஆரம்பிச்சிருவாங்க, அன்னைக்குப் பொழுது போயிரும். வோல், பிச்சில், பென்னட் மூணு பேரும் 2010ல முதல் வருஷ மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, முதல் பரீட்சைக்குத் தள்ளிப் போட்டதுக்காகத் தன்னைத்தானே மன்னிச்சுக்கிட்டவங்க அடுத்த பரீட்சைக்குக் கம்மியாத்தான் தள்ளிப் போட்டாங்க. இதை நான் அக்காகிட்டச் சொன்னப்ப மன்னிப்பு கின்னிப்புங்கிறதெல்லாம் அவங்களுக்குச் சினிமா வசனம் மாதிரி இருந்துச்சு போல, ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் நோட்டைக் கொண்டாந்து காமிச்சாங்க, போன ரெண்டு வருஷத்தையும் ஒரு பக்கத்துல எழுதிக் குறுக்கக் கோடு போட்டு, "வராக்கடன்ல தள்ளிட்டேன் சார், இனிமே அதைக் கேக்கப் போறதில்ல." வராக்கடன்னா திரும்பி வராதுன்னு கணக்குலேந்து கழிச்சு விடுற கடன். பி.காம் படிச்சதுக்கு இது ஒண்ணே போதும்னு தோணுச்சு எனக்கு.

பக்கத்துல இன்னொரு கேஸ்

இது எல்லாருக்கும் பொருந்துமான்னா, இல்ல. அதே பேட்ச்ல கானாடுகாத்தான் பக்கம் டூரிஸ்ட் கார் ஓட்டுற ஒரு தம்பி, பி.ஏ. ஹிஸ்டரி. அவரும் அசைன்மென்ட் வைக்கிறதில்ல, அவரையும் அதே மாதிரி நோட்டு எழுதச் சொன்னேன். சீசன்ல காலையில மதுரை ஏர்போர்ட், மத்தியானம் பிள்ளையார்பட்டி, ராத்திரி மறுபடியும் பிக்கப், நடுவுல கார்லயே தூக்கம். அந்த நோட்டுல காலி இடமே கிடையாது. இவருக்கு யாராவது காத்துக்கிட்டு இருந்தா அது இன்னொரு பாரம்தான். ஒரு எக்ஸாமுக்கு எல்லாப் பேப்பரையும் கட்டாதீங்க, ரெண்டு மட்டும் கட்டுங்க, மிச்சத்தை ஆஃப் சீசன்ல பாத்துக்கலாம்னு சொன்னதோட சரி. நேரமே இல்லாதவரையும் நேரம் இருந்தும் திறக்க முடியாதவங்களையும் ஒரே தட்டுல வச்சு "டைம் மேனேஜ்மென்ட்" கிளாஸ் எடுக்கிற பழக்கம் நம்ம ஸ்டடி சென்டர்கள்ல இருக்கு, ரெண்டு பேருக்கும் அது பிரயோஜனப்படல.

தேதியைத் தள்ளி வைக்கிறதைப் பத்தியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிடுறேன். டிரைவர் தம்பிக்கு அது உண்மையான உதவி. அக்கா மாதிரி ஆளுங்களுக்கு அது பயத்தை இன்னும் ஒரு மாசம் வளத்து விடுறது. தள்ளி வைக்கிறதுக்குப் பதிலா ஆரம்பத்துலயே மூணு சின்னத் தேதி வச்சு, வைக்காதவங்களுக்கு ஸ்டடி சென்டர்லேந்து ஒரு போன் போட்டா போதும், "உங்களைக் காணோமே"ன்னு. எஸ்எம்எஸ் இல்ல, ஆளு பேசணும். ஒரு சென்டருக்கு எத்தனை பேருக்குப் போட முடியும்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். வைக்காதவங்களுக்கு மட்டும்னா முடியும்னு நினைக்கிறேன்.

இப்போ நிலவரம்

இங்கிலீஷ் அசைன்மென்ட் தேதிக்கு முன்னாடியே போய்ச் சேந்துச்சு, எக்ஸாமும் எழுதி அந்த அரியர் போயிருச்சு, மார்க்கு பாஸுக்குக் கொஞ்சம் மேலதான். ஸ்டாடிஸ்டிக்ஸ்ல அசைன்மென்ட் வச்சாச்சு, எக்ஸாம்ல போயிருச்சு. இதைத் தள்ளிப் போட்டதால வந்த தோல்வின்னு சொல்ல மாட்டேன், எக்ஸாமுக்கு மூணு வாரத்துக்கு முன்னாடியே உக்காந்துட்டாங்க, நோட்டுல இருக்கு. ஸ்டேண்டர்ட் டீவியேஷன் யாராவது பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டுனாத்தான் வரும், அதுக்கு ஐயா பத்தாது.

ஐயா தை மாசம் சிறாவயல் மஞ்சுவிரட்டு முடிஞ்சதும் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டாரு. புதன்கிழமை போன்ல வாசிக்கிறாங்க, ஆனா போன்ல அவ்வளவு எடுபடல, அவரு பேரனுக்கு ஸ்கூல் வேன் வர்ற நேரம் அது. நடுவுல எங்க பேட்ச்ல புதுசாச் சேந்த ரெண்டு பொண்ணுங்க, ஜவுளிக்கடையில வேலை பாக்குறவங்க, கணக்குப்பதிவியல் புரியலன்னு அக்காகிட்ட வாறாங்க. அந்தப் பாடத்துக்கு அக்கா ஒரு வாரம்கூடத் தள்ளிப் போட்டதில்ல, முந்தின நாளே தயார் பண்ணிடுறாங்க. தன் ஸ்டாடிஸ்டிக்ஸ் புக்கை மட்டும் மறுபடியும் சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்காங்கன்னு மகள் சொல்லித் தெரிஞ்சுச்சு.

ஜூன் எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்டியாச்சு, இந்தத் தடவை ஃபைன் இல்லாம. ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு ஒரு ஆளு தேடிக்கிட்டு இருக்கோம், ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் உக்காரணும், பொறுமையா ஒவ்வொரு ஸ்டெப்பா போட்டுக் காட்டணும். நேரத்துக்கு வர்ற ஆளா இருக்கணும், அதுதான் முக்கியம். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க.